பேர் வந்தது, பெட்டி வரவில்லை

ரொறன்ரோவில் வாழும் வாசகி ஒருவர் அண்மையில் எனக்கொரு கேள்வியை அனுப்பியிருந்தார். பெண்ணியத்தைக் கொள்கையாக வரித்துக்கொண்ட அரசியற் கட்சியொன்று எங்கள் மண்ணில் எப்போதாவது இருந்ததுண்டா? இருந்திருப்பின் அது தன் கொள்கைகளை எவ்வாறு விவாதித்து, எவ்வாறு முடிவெடுத்தது? நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்பதால் இதற்கெல்லாம் என்னிடம் விடை இருக்கும் என்று அவர் எண்ணிவிட்டார் போலும். கேள்வியின் முற்பாதிக்கு விடை சுலபமானது: வடக்கில், தேர்தற் களத்தில் வேரூன்றிய அப்படியொரு கட்சி இருந்ததில்லை. பிற்பாதிதான் என்னைச் சில இரவுகள் தூங்கவிடவில்லை. அது என்னை வேலணைக்கு, எங்கள் வீட்டு முற்றத்துக்கு, அம்மம்மாவிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

1956ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் நடந்தபோது நான் சிறுவன். ஊர்காவற்றுறைத் தொகுதியில் தமிழரசுக் கட்சியின் வீ. ஏ. கந்தையா நின்றார், வென்றார். வீட்டுக்கு வீடு பேச்சு அதுவாகவே இருந்தது. வாக்களித்துவிட்டு வந்து கால்கழுவித் திண்ணையில் அமர்ந்த அம்மம்மாவிடம், இதுதான் உங்கள் முதல் வாக்கா என்று கேட்டேன். அவர் வெற்றிலைத் தட்டத்தை இழுத்து வைத்துக்கொண்டு சொன்ன பதில் இன்றும் காதில் நிற்கிறது. "எனக்குப் பேர் வந்தது முப்பத்தொண்டிலை, மோனை. பெட்டிதான் வரேல்லை."

அந்தச் சொல்லின் பொருள் எனக்குப் புரிய இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. பத்திரிகை அலுவலகத்தில் பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் விளங்கியது. விதானையார் எழுதிய இடாப்பில் அம்மம்மாவின் பெயர் ஏறியிருந்தது. தேர்தலோ வரவில்லை.

1931 தேர்தலிலே சின்னங்கள் இல்லை என்பதை இளைய வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். அந்த நிறப் பெட்டிக்குள் சீட்டைப் போட்டால் அது அவருக்குரிய வாக்கு. எழுத்தறியாதவரும் வாக்களிக்க வேண்டும் என்பதற்காக வகுத்த முறை அது. அம்மம்மா சொன்ன பெட்டி அந்த நிறப் பெட்டிதான்.

வாசகியின் கேள்விக்கு நேராக வருவதானால் முதலிற் கொழும்புக்குப் போகவேண்டும். இலங்கையிலே பெண்களின் அரசியல் உரிமைக்கென்றே அமைந்த முதற் சங்கம் பெண்கள் வாக்குரிமைச் சங்கம். 1927 டிசெம்பரில், டொனமூர் ஆணைக்குழு இலங்கையில் சாட்சியங்களைக் கேட்டுக்கொண்டிருந்த வேளையில் அது அமைக்கப்பட்டது. சொலமன் டயஸ் பண்டாரநாயக்காவின் துணைவியார் டெய்சி அம்மையார் அதன் தலைமையில் இருந்தார். பின்னாளிற் பிரதமரான பண்டாரநாயக்காவின் தாயார் இவர். செயலாளராக உழைத்தவர் அக்னஸ் டி சில்வா. கனடாவிற் பிறந்து, மருத்துவராக இங்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து இந்த நாட்டவராகவே ஆகிவிட்ட மேரி ரத்தினம் அதன் தூண்களில் ஒருவர். கட்சி என்று அதற்குப் பெயர் இல்லை; ஆயினும் கட்சி ஒன்றுக்குரிய வேலையைத்தான் அது செய்தது. ஒரு கொள்கையை வகுத்து, அதை அதிகாரத்தின் முன் எடுத்துச் சென்று, வென்று திரும்பியது.

அந்தக் கொள்கையை அவர்கள் வகுத்த விதம் சுவையானது. 1925இல் இலங்கைத் தேசிய காங்கிரஸில் இதே பெண்களிற் சிலர் கொண்டுவந்த தீர்மானம் எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை கோரவில்லை. மட்டுப்படுத்தப்பட்ட உரிமையையே அது கேட்டது. நாட்டின் மொத்தக் குடித்தொகையில் ஏறத்தாழ 4 வீதத்தினர் மட்டுமே, அதுவும் ஆண்கள் மட்டுமே, வாக்காளராய் இருந்த காலம். கேட்பதைச் சிறிதாகக் கேட்டாற் கிடைக்கும் என்ற கணக்கு அவர்களிடமும் இருந்தது. மேல்தட்டுச் சீமாட்டிகள் தம்மைப் போன்றவர்களுக்கே கேட்டார்கள் என்று பிற்காலத்து இடதுசாரிகள் இடித்துரைத்தார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆணைக்குழுவின் முன் அமர்ந்தபோது நிலைமை மாறிற்று. தோட்டங்களிற் கூலிவேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்கிறீர்களா என்று டொனமூர் பிரபு கேட்டார். சிக்கலான கேள்விதான். ஆம் என்றால் சிங்களத் தலைவர்கள் சினப்பார்கள். இல்லை என்றால் கோரிக்கையின் அடித்தளமே ஆட்டங்காணும். அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்குமே கேட்கிறோம் என்ற கருத்துப்பட அக்னஸ் டி சில்வா பதிலிறுத்தார். இரண்டே வாக்கியங்களில் மட்டுப்படுத்தப்பட்ட வாக்குரிமை என்ற பழைய நிலைப்பாடு கழன்று விழுந்தது. பொதுச்சபை கூட்டி, வரைவு சுற்றுக்கு விட்டு, திருத்தம் பிரேரித்து எடுத்த முடிவல்ல அது. கேள்வி நேருக்கு நேர் வந்தபோது, தாம் எதற்காக வந்தோம் என்பதை ஒரு பெண் சட்டென்று கண்டுகொண்ட கணம். ஒரு கட்சியின் உண்மையான கொள்கை எது என்று என்னிடம் யாராவது கேட்டால் அதன் விஞ்ஞாபனத்தைப் படிக்கச் சொல்லமாட்டேன். எதிர்பாராத கேள்விக்கு அதன் ஆட்கள் சொன்ன முதற் பதிலைத் தேடச் சொல்வேன்.

அதே ஆணைக்குழுவின் முன் எங்கள் யாழ்ப்பாணத்துப் பெருந்தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் தம் கருத்தைச் சொன்னார். பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்பதே அவர் நிலைப்பாடு. 1913இல் மருதனார்மடத்திலே பெண்களுக்கென்று கல்லூரி நிறுவிய அதே இராமநாதன்தான். பெண் படிக்கலாம், வாக்களிக்கலாகாது. இதை முரண்பாடு என்று இன்று நாம் சொல்கிறோம். அன்றைய சைவ வேளாளர் இல்லங்களிலே அது முரண்பாடாகவே தோன்றியிராது. 1923ஆம் ஆண்டிலேயே மங்களம்மாள் மாசிலாமணி 'தமிழ் மகள்' என்ற இதழை நடத்தத் தொடங்கியிருந்தார் என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவைக்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு வாய் இல்லாமற் போகவில்லை. கேட்கும் காதுதான் குறைவாக இருந்தது.

1928 ஜூலையில் வெளியான டொனமூர் அறிக்கை ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்குரிமை அளிக்கப் பரிந்துரைத்தது. அந்த ஆண்டிலேதான் பிரித்தானியாவிலும் பெண்களின் வாக்களிக்கும் வயது ஆண்களுக்குச் சமமாக 21ஆகக் குறைக்கப்பட்டது. இலங்கைக்கும் அதுவே வந்து சேர்ந்தது. 1929 டிசெம்பர் 12ஆம் நாள் சட்டநிரூபண சபையில் 19க்கு 17 என்ற கணக்கில், இரண்டே வாக்குகளால், டொனமூர் திட்டம் ஏற்கப்பட்டது. பிரித்தானியப் பேரரசின் ஆசிய நாடுகளிலே ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான சர்வசன வாக்குரிமை முதன்முதலில் இங்கேதான் வந்தது. வேலணையில் இருபத்திரண்டு வயதிற் கைக்குழந்தையோடு இருந்த அம்மம்மாவின் பெயரை விதானையார் எழுதிக்கொண்டு போனதற்குப் பின்னால் இவ்வளவு கதை இருந்தது.

இனி மற்றொரு மேடை.

யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் 1924ஆம் ஆண்டின் இறுதியில் மாணவர் காங்கிரஸாக உருவெடுத்தது. ஹண்டி பேரின்பநாயகம் அதன் உயிர்நாடி. சாதி வேற்றுமைக்கு எதிராகச் சமபந்தி வைத்தவர்கள். தாய்மொழிக் கல்வியை அந்நாளிலேயே கேட்டவர்கள். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தவர்கள். இலங்கைக்கு முழுச் சுயராச்சியம் வேண்டும் என்று தென்னிலங்கைத் தலைவர்கள் சொல்லத் தயங்கிய காலத்தில் உரத்துச் சொன்னவர்கள். அவர்களை நான் வாழ்நாள் முழுதும் மதித்து வந்திருக்கிறேன். இனிவரும் வரிகளை அந்த மதிப்போடுதான் எழுதுகிறேன்.

1931 ஏப்ரலில் வாலிப காங்கிரஸின் ஆண்டு மாநாடு நடந்தது. இந்தியாவிலிருந்து சிறப்பு விருந்தினராக வந்தவர் கமலாதேவி சட்டோபாத்யாய. அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. 1926இல் சென்னைச் சட்டசபைத் தேர்தலில் நின்று மிகச் சொற்ப வாக்குகளால் தோற்றவர். இந்தியாவிற் சட்டசபைக்குப் போட்டியிட்ட முதற் பெண்களில் ஒருவர். அகில இந்தியப் பெண்கள் மாநாட்டின் செயலாளராயிருந்தவர். உப்புச் சத்தியாக்கிரகத்திற் பெண்களைச் சேர்க்கும் எண்ணம் காந்தியடிகளுக்கு முதலில் இருக்கவில்லை. அவரை நேரிற் கண்டு வாதாடி மனத்தை மாற்றியவர்களில் முதன்மையானவர் இவர். அதன்பொருட்டு 1930இற் சிறையும் சென்றவர். பெண்ணுரிமை இயக்கத்தின் உருவமாகவே இருந்த ஒருவர்.

அந்த மாநாட்டிலேதான் டொனமூர் அரசியலமைப்பைப் பகிஷ்கரிக்கும் முடிவு எடுக்கப்பட்டது.

சுயராச்சியத்திற் குறைந்த எதையும் ஏற்பதில்லை என்பது வாதம். இந்தியாவில் வீசிய காற்று இங்கும் வீசிற்று. மே 4ஆம் நாள் வேட்புமனுத் தாக்கல். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளில் ஒருவரும் மனுச் செய்யவில்லை. இலண்டனிலிருந்து பிலிப் குணவர்த்தன பாராட்டினார். தென்னிலங்கைத் தலைவர்கள் சேர்ந்துகொள்வார்கள் என்று எதிர்பார்த்த வடக்கு ஏமாந்தது. ஜூன் 13 முதல் 20 வரை நாட்டின் பிற பகுதிகளிற் பெண்கள் முதன்முதலாக வாக்குச்சாவடிக்குப் போனார்கள். தீவகத்துப் பெண்கள் கிணற்றடிக்கும் கோயிலுக்கும் போனார்கள்.

பகிஷ்கரிப்புச் சரியா பிழையா என்ற விவாதம் எண்பது, தொண்ணூறு ஆண்டுகளாக நடந்துகொண்டே இருக்கிறது. வரலாற்றாசிரியர்கள் அதை வடக்கு எதிர் தெற்கு என்று பார்த்தார்கள். சிலர் காங்கிரஸ் எதிர் பொன்னம்பலம் என்று பார்த்தார்கள். அதை ஒரு பெண்ணின் பக்கமிருந்து பார்த்தவர்கள் குறைவு. டொனமூர் திட்டத்திலே குறைகள் பல இருந்தன என்பது உண்மை. ஆனால் அதற்குள் ஒரு மணி நெல் இருந்தது: அதுவரை எந்த இடாப்பிலும் இடம்பெறாத பாதிச் சனத்தின் பெயர். பதரோடு அந்த நெல்லையும் சேர்த்துத் தூற்றிவிட்டார்கள். தம்முடைய வாக்கைத் துறக்க அந்த இளைஞர்களுக்கு உரிமை இருந்தது. அம்மம்மாவின் வாக்கைத் துறக்கும் உரிமையை அவர்களுக்கு யார் கொடுத்தார்கள்?

தீவகத்தின் நிலைமையை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகத் தைக்கும். புங்குடுதீவு, காரைநகர், வேலணை, நயினாதீவு என்று எந்த ஊரை எடுத்தாலும் ஆண்களிற் கணிசமானோர் தெற்கிலே கடைவைத்துப் பிழைத்தவர்கள். சிலர் மலாயாவுக்கும் போனவர்கள். தைப்பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்து போகிறவர்கள். காணியைப் பார்த்தது, பனையைப் பாட்டத்துக்குக் கொடுத்தது, வேலி அடைப்பித்தது, கடன் கணக்குத் தீர்த்தது எல்லாம் வீட்டிலிருந்த பெண்கள். 1931இலே தீவகத்தில் ஒரு வாக்குச்சாவடி திறந்திருந்தால் அந்த வரிசையிற் சேலைகளே மிகுந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கமலாதேவியைக் குறைசொல்ல நான் விரும்பவில்லை. அவர் விருந்தினர். அந்நிய ஆட்சியின் சட்டசபையைப் புறக்கணிப்பது அவருடைய நாட்டிற் பெண்களும் சேர்ந்து நடத்திய போராட்டம். அதிற் பெண்களின் இடத்தை அவரே வாதாடிப் பெற்றிருந்தார். யாழ்ப்பாணத்திலே அப்படி வாதாடிப் பெற்ற ஒரு பெண்ணணி வாலிப காங்கிரஸுக்குள் இருக்கவில்லை. கொழும்பில் இருந்த பெண்கள் சங்கத்துக்கோ நெடுந்தீவும் நயினாதீவும் வரைபடத்துப் புள்ளிகள். ஒரு பக்கம் பெண்களின் கொள்கையைப் பெண்களே பேசிய அமைப்பு. ஆனால் எங்கள் ஊருக்கு எட்டாதது. மறுபக்கம் எங்கள் ஊர் இயக்கம். பெண்ணைச் சிறப்பு விருந்தினராக மேடையில் அமர்த்தத் தெரிந்தது, வாக்காளராகக் கலந்தாலோசிக்கத் தெரியவில்லை. இந்த இடைவெளிக்குள்தான் பெட்டி வராமற் போனது.

1934 வரை ஊர்காவற்றுறைக்கு அரசாங்க சபையில் ஓர் உறுப்பினர் இருக்கவில்லை. அந்தச் சபை ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்து இயங்கியது. கல்வி, சுகாதாரம், உள்ளூராட்சி, போக்குவரத்து எல்லாமே அந்தக் குழு மேசைகளிலேதான் தீர்மானமாயின. தீவுக்குப் பாதையும் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் கேட்கவேண்டிய இடத்தில் ஒரு நாற்காலி மூன்றாண்டு காலியாகக் கிடந்தது. 1931இன் ஏழு அமைச்சர்களில் தமிழர் என்று இருந்தவர் பெரி சுந்தரம் ஒருவரே. அவரும் மலையகத்திலிருந்து வந்தவர். 1934இல் நால்வர் தெரிவானார்கள்: யாழ்ப்பாணத்துக்கு மகாதேவா, காங்கேசன்துறைக்கு நடேசன், பருத்தித்துறைக்கு ஜீ. ஜீ. பொன்னம்பலம், ஊர்காவற்றுறைக்கு நெவின்ஸ் செல்வதுரை. 1936இல் வேலணையின் மைந்தர் சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி ஊர்காவற்றுறையின் உறுப்பினராகி, 1947 வரை சபாநாயகராகவும் வீற்றிருந்தார். எங்கள் ஊருக்கு அது பெரும் பெருமை. அவர் பெயரைச் சொல்லாத திண்ணை அந்நாளில் இல்லை.

இதற்கிடையே தெற்கிலே, 1931 நவம்பரில் ருவன்வெல்ல இடைத்தேர்தலில் அடிலின் மொலமூரே வென்று சபைக்குள் நுழைந்த முதற் பெண்ணானார். 1932 மே மாதம் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து வென்றார். சட்டமியற்றும் சபையில் அமர்ந்த முதற் தமிழ்ப் பெண் அவர். யாழ்ப்பாணம் பகிஷ்கரிப்பில் இருந்த அதே ஆண்டுகள். ஒருவர் இறந்த தந்தையின் இடத்துக்கும், மற்றவர் தெரிவு செல்லுபடியற்றதாகிய கணவரின் இடத்துக்கும் வந்தவர்கள் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரைத் தந்த வாசலும் அதுதான்.

வாசகி கேட்ட கட்சிக்கு மிக அருகில் வந்தது 1940களின் இறுதியில் இடதுசாரிப் பெண்கள் அமைத்த ஐக்கிய பெண்கள் முன்னணி. எடித் லுடோவைக், டொரீன் விக்கிரமசிங்க, விவியன் குணவர்த்தன போன்றோர் கட்சி வேறுபாட்டைக் கடந்து ஒன்றுகூடினார்கள். சேரிப் பெண்களின் நிலைமை, பெண்களுக்கு அரசாங்க உயர்சேவைகளில் இடம் என்று நல்ல கோரிக்கைகள். ஆயினும் ஆண்கள் நடத்திய கட்சிகள் தமக்குள் பிளவுண்டபோது பெண்களின் முன்னணியும் நீடிக்கவில்லை. கொள்கையைப் பெண்கள் விவாதித்தார்கள். கூடலாமா கூடாதா என்பதைக் கட்சிகள் தீர்மானித்தன. அக்னஸ் டி சில்வா ஒரு பதிலாற் பெற்றுத்தந்த உரிமைக்கும் அக்காலத்திலேதான் அடி விழுந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து தோட்டத்துப் பெண்களின் பெயர்கள் ஆண்களின் பெயர்களோடு சேர்ந்தே இடாப்பிலிருந்து அகன்றன. அவர்களுக்குப் பெட்டி வந்தது, பிறகு பேர் போயிற்று.

உலகில் இதை வேறுவிதமாகச் செய்து பார்த்தவர்கள் உண்டு. ஒரு தீவைப் பற்றி எழுதுவதால் இன்னொரு தீவு நினைவுக்கு வருகிறது. ஐஸ்லாந்திலே 1983இற் பெண்கள் பட்டியல் என்ற கட்சி தேர்தலில் நின்று 3 இடங்களைப் பெற்றது, 1987இல் 6. அதற்குத் தலைவர் கிடையாது. கூட்டத்தில் வாக்கெடுத்துச் சிறுபான்மையை அமுக்குவதில்லை; உடன்பாடு வரும்வரை பேசுவார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் சில ஆண்டுகளிற் பதவியை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். 1987இல் ஆட்சியிற் சேர அழைப்பு வந்தபோது, மிகக் குறைந்த கூலி பெறுவோரின் ஊதியத்தை உயர்த்தவேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள், கிடைக்கவில்லை, வெளியே நின்றார்கள். அந்தக் கூலியாட்களிற் பெரும்பாலோர் பெண்கள். அந்த மறுப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் முறைக்கும் ஒரு சோதனை வந்தது. 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பொருளாதார வலய உடன்படிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது மற்றவர்கள் எதிர்க்க, இங்கிபியோர்க் கிஸ்லதோத்திர் மட்டும் வாக்களியாது ஒதுங்கினார். உடன்பாடு என்பது எல்லாரும் ஒன்றாய் நினைப்பது அல்ல என்று அன்று தெரிந்தது. 1990களின் முடிவில் அந்தக் கட்சி வேறு கட்சிகளோடு இணைந்து கரைந்தது. அதற்குள் மற்றக் கட்சிகள் எல்லாம் பெண் வேட்பாளர்களைத் தேடத் தொடங்கியிருந்தன.

வட அயர்லாந்தின் கதை எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1996இற் சமாதானப் பேச்சுக்கான தேர்தல் அறிவிக்கப்பட்டபோது, ஒரு பெண்ணையும் கட்சிகள் முன்னிறுத்தக் காணோமே என்று சில வாரங்களில் உருவானது பெண்கள் கூட்டணி. 1 வீதமளவு வாக்கோடு மேசையில் இரண்டு ஆசனம். மொனிக்கா மக்வில்லியம்ஸ் கத்தோலிக்கர். பேர்ல் சேகர் புரட்டஸ்தாந்தர். இரு சமூகத்துப் பெண்களும் ஒரே அறையில் முரண்பட்டு, பேசி, ஒத்த இடத்தை மட்டும் கொள்கையாக எடுத்துச் சென்றார்கள். 1998 ஏப்ரல் 10ஆம் நாள் உடன்படிக்கையில் அரசியலிற் பெண்களின் முழுமையான, சமமான பங்கு என்ற வாசகம் இடம்பெற்றது அவ்வாறுதான்.

எங்களுக்கும் அப்படி ஒரு மேசை கிடைத்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2003 மார்ச் 5, 6ஆம் நாட்களிற் கிளிநொச்சியிற் பால்நிலை விவகாரங்களுக்கான உபகுழு கூடியது. அரசாங்கத் தரப்பில் குமாரி ஜயவர்த்தன உட்பட ஐந்து பெண்கள்; விடுதலைப் புலிகள் தரப்பில் தமிழினி தலைமையில் ஐந்து பெண்கள்; நோர்வேயின் அஸ்திரிட் ஹைபேர்க் அனுசரணை. மீள்குடியேற்றம், பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியற் பிரதிநிதித்துவம், நல்லிணக்கம் என்று தம் நிகழ்ச்சிநிரலை இரண்டு நாட்களில் ஒப்புக்கொண்டார்கள். ஆண்கள் ஆறு சுற்றுப் பேசியும் எட்டாத ஒருமைப்பாடு! ஆனால் அடுத்த மாதம் 21ஆம் நாள் புலிகள் பேச்சிலிருந்து விலகுவதாக அறிவித்தனர். பேச்சை நிறுத்துவதா தொடர்வதா என்ற முடிவு அந்தப் பத்துப் பெண்களின் மேசைக்கு வரவில்லை. 1931இன் சாயலை அதிலே காண்கிறேன்.

1984இல் யாழ்ப்பாணத்தில் எழுந்த அன்னையர் முன்னணியைச் சொல்லாமல் விடமுடியாது. கைதான பிள்ளைகளுக்காக ஆயிரக்கணக்கான தாய்மார் தெருவில் இறங்கினார்கள். எவரும் எழுதிக்கொடுத்த கொள்கை அல்ல அது. சில ஆண்டுகளிலேயே ஆயுத இயக்கங்களின் நிழல் விழுந்து அதன் சுயாதீனம் தேய்ந்தது. பல்கலைக்கழகத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' தொகுப்பை 1986இல் வெளியிட்டதும், ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21இற் சுடப்பட்டதும் அந்தப் பத்தாண்டின் இரு முனைகள். கொள்கையை விவாதித்ததற்காகவே ஒரு பெண் உயிரைக் கொடுத்த ஊர் இது. அதைப் பற்றி விரிவாக எழுத எனக்கு இன்னும் மனம் கூடவில்லை.

2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தல் நாட்டில் முதன்முதலாக 25 வீத ஒதுக்கீட்டோடு நடந்தது. அதற்கு முன் உள்ளூராட்சி மன்றங்களிற் பெண்கள் 2 வீதமளவே; அதன்பின் நாடு முழுவதும் ஏறத்தாழ 1,900 பேர். வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர், நெடுந்தீவு பிரதேச சபைகளிலும் பெண்கள் வந்து அமர்ந்தார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் அனந்தி சசிதரன் ஈழத் தமிழர் சுயாட்சிக் கழகம் என்ற கட்சியைத் தொடங்கினார். பெயரைக் கேட்டதும் எனக்குப் பழைய ஊர்காவற்றுறை உறுப்பினர் வ. நவரத்தினத்தின் தமிழர் சுயாட்சிக் கழகம் ஞாபகம் வந்தது. பெண் தலைமை தாங்கும் கட்சி என்பதும் பெண்ணியக் கட்சி என்பதும் வேறு வேறு என்று வாசகிக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நெடுந்தீவு போயிருந்தேன். குறிகட்டுவானிற் படகேறி, ஒரு மணி நேரம் அலையிற் குலுங்கி இறங்கினால், முருகைக்கல் வேலிகளும் வெயிலும். மாதர் சங்கக் கூட்டம் ஒன்று ஒரு பூவரச மரத்தின் கீழ் நடந்துகொண்டிருந்தது. முப்பது பெண்கள் இருப்பார்கள். பேசுபொருள் படகு நேரம். யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரிக்குப் போகிறவர் அன்றே திரும்பத் தோதாக நேரத்தை மாற்றும்படி விண்ணப்பிப்பதா என்பது கேள்வி. நேரத்தை மாற்றினால் நண்டும் மீனும் கொண்டுபோகும் குடும்பங்களுக்குச் சந்தை தவறும் என்று ஒருத்தி எழுந்தாள். பள்ளிக்கூடத்து ரீச்சர்மார் என்ன செய்வது என்று இன்னொருத்தி. தலைவி கைதூக்கச் சொல்லவில்லை. இதுவரை பேசாதவர்கள் முதலிற் பேசுங்கோ என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு வயோதிப மாது எழுந்து, "பிள்ளையள், எனக்குப் போறதுக்கு ஆசுப்பத்திரியும் இல்லை, விக்கிறதுக்கு நண்டும் இல்லை. நான் ஆற்றை பக்கம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு நோயாளிக்கென்று கிழமையில் இரண்டு நாள் மட்டும் கேட்டாலென்ன என்று அவரே ஒரு வழி சொன்னார். மறுபடி விவாதம் தொடங்கியது.

எனக்குக் கடைசிப் படகுக்கு நேரமாயிற்று. முடிவைக் கேளாமலே இறங்குதுறைக்கு நடந்தேன். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் விசாரித்தபோது தலைவி சொன்னார்: "இன்னும் முடியேல்லை, ஐயா. அண்டைக்கு வராத ஆக்களையும் கேக்கவேணும் எண்டு வாற செவ்வாய்க்கு வைச்சிருக்கிறம்."